பெரியவன் முகம் சுவரில் ஏறியது

என் ஓர்ப்படிக்கு ஒரே அண்ணன். அந்த அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான், இளையவள் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். குடும்பத்தில் அவர்களைப் பெரியவன், சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். சின்னவளுக்கே தலை நரைத்துவிட்டது, ஆனாலும் பேர் மாறவில்லை.

சின்னவள் கடைகளுக்குப் பெயர்ப்பலகை, சோப்பு டப்பாவுக்கு மேலட்டை, அழைப்பிதழ் எல்லாம் செய்து கொடுப்பாள். மாடியறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் கடை. சரக்கு முழுக்க இன்டர்நெட்டில் சும்மா கிடைப்பது. பூ வேண்டுமா, மேகம் வேண்டுமா, வளைந்து நெளிந்த எழுத்து வேண்டுமா, எல்லாம் யாரோ முகம் தெரியாதவர்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். எடுத்துக்கொள், எதற்கும் வைத்துக்கொள், என்னைக் கேட்க வேண்டாம் என்று எழுதியும் வைத்திருக்கிறார்களாம். வேலை இல்லாத நாளிலும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்த்தால்தான் கை ஓடும் என்பாள்.

எடுத்துக்கொண்டே இருக்கிறோமே, நாம் ஒன்றாவது கொடுக்க வேண்டாமா என்று அவளுக்கு ஓர் உறுத்தல். ஒரு சாயங்காலம் பெரியவன் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு அவள் வாசலில் வேனை நிறுத்தினான். ஸ்டியரிங் மேல் கையை மடக்கிக் கன்னத்தைச் சாய்த்து, அரைக்கண் மூடிக் கிடந்தான். சவரம் செய்யாத முகத்தில் மஞ்சள் வெயில். சின்னவள் படம் பிடித்துவிட்டாள்.

"என்னடி இது, மூஞ்சிகூடக் கழுவல."

"அதான் அண்ணா அழகு. உலகத்துக்கே குடுக்கப் போறேன்."

"குடு, குடு. உங்க அண்ணிதான் திரும்பிப் பாக்கறதில்ல, உலகமாவது பாக்கட்டும்."

அவள் சும்மா படம் எடுக்கிற அந்த இன்டர்நெட் தளத்தில் படம் போட்டால் கூடவே சில சொற்களும் எழுத வேண்டும். தேடுகிறவன் அந்தச் சொல்லைத் தட்டினால் படம் அவன் முன்னால் வந்து நிற்கும். ஆண், மாலை, களைப்பு, தனிமை என்று எழுதினாள். அதற்கு மேல் வரவில்லை. இதேபோல் சோர்ந்த முகங்களுக்கு மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாள். கவலை, தோல்வி, குடி என்று இருந்தது. அப்படியே எழுதிவிட்டாள். அவளுக்கு அவையெல்லாம் படத்தைத் தொங்கவிடுகிற ஆணி மாதிரி. ஆணியில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

கொஞ்ச மாதம் போயிற்று. ஒரு காலை, வேன் சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து ஒரே கூச்சல்.

"அங்கிள், அங்கிள்! உங்க போட்டோ! சுவத்துல எவ்வளவு பெருசு!"

பிள்ளைகள் கை தட்டின. பெரியவன் திரும்பிப் பார்த்தான். அவனேதான். ஒரு நொடி அவனுக்கும் பெருமை தாங்கவில்லையாம், அவனே பிறகு சொன்னான். அதற்குள் எழுத்துக் கூட்டப் பழகியிருந்த ஒரு பெண் குழந்தை உரக்கப் படித்தது: "குடி உங்களைக் குடிக்கும் முன் எங்களிடம் வாருங்கள்."

கைதட்டல் நின்றுபோயிற்று. சாயங்காலத்துக்குள் அம்மாமார் போனில் எல்லாம் அந்தச் சுவர்தான். நாளை முதல் வேனை எடுக்க வேண்டாம் என்று பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

பெரியவன் ஒரு சொட்டு தொட்டவன் இல்லை. இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பான். ஆனால் சொந்தக்காரர் வாயை யார் மூடுவது? தாய்மாமன் போன் போட்டு, "மாப்ள, இத்தனை வருஷமா எங்களுக்கு ஒரு கிளாஸ் ஊத்தாம தனியாவே முடிச்சிருக்கியே!" என்று சிரித்தான். பெரியவனும் சிரித்து வைத்தான். அன்று படுத்தபின் அவன் பெண்டாட்டி மெதுவாக அவன் வாய்ப் பக்கம் குனிந்தாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கவும் இல்லை.

சின்னவள் சுவரில் அந்த நோட்டீஸை ஒட்டிய குடி மறப்பு நிலையத்துக்கு ஓடினாள். அங்கிருந்த மேலாளர் நல்ல மனிதர், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "நாங்க திருடலம்மா. குடின்னு தேடினோம், இவர்தான் முதல்ல வந்தாரு. நோட்டீஸைக் கிழிச்சிடறோம்."

"அதோட, எங்க அண்ணன் இங்க சிகிச்சைக்கு வந்ததே இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார்."

"அதுதான் முடியாது. யார் வந்தாங்க, யார் வரலன்னு வெளியில சொல்லக் கூடாது. உங்க அண்ணன் வரலன்னு இன்னிக்கு எழுதிக் குடுத்தா, நாளைக்கு எழுதிக் குடுக்காதவனெல்லாம் வந்தவன்னு ஆகிடும்."

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் அவளுக்கு ஆற்றாமை. மிச்சம் இருந்த சாட்சி அவள் ஒருத்திதான்.

அண்ணனும் தங்கையுமாகத் தலைமை ஆசிரியை முன்னால் போய் நின்றார்கள். சின்னவள் படம் எடுத்தது, இலவசத் தளத்தில் போட்டது எல்லாம் சொன்னாள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆயிரம் முகம் இருக்கும்போது குடிக்கு ஏன் இவர் முகம் வந்தது?" என்றார்.

எனக்கென்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அண்ணனுக்கும் அதுவரை தெரியாது. சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் குடின்னு எழுதினேன்" என்றாள்.

"கூடப் பிறந்தவங்களே எழுதியிருக்கீங்க. காரணம் இல்லாமலா?"

உண்மையைச் சொன்னதும் குழி இன்னும் ஆழமாயிற்று. மற்றவர்களைப் பார்த்து எழுதினேன், வழக்கமாகச் செய்வதுதான் என்று அவள் சொல்லச் சொல்ல, அவளுக்கே அது சப்பையாகக் கேட்டது. பெரியவன் அவளைப் பார்க்கவே இல்லை. கடைசியில் அவனே கேட்டான்: "போலீஸ்காரங்க ஊதச் சொல்லுவாங்களே, அந்தக் கருவி ஒண்ணு வாங்கி வைங்க மேடம். தினமும் காலைல ஊதிட்டு வண்டி எடுக்கறேன்."

தலைமை ஆசிரியை ஒத்துக்கொண்டார். வேன் திரும்பக் கிடைத்தது.

படத்தைச் சின்னவள் அன்றைக்கே அழித்துவிட்டாள். ஆனால் எடுத்துப் போனவர்கள் எடுத்துப் போனவர்கள்தான், அவர்களிடம் போய்த் திருப்பிக் கேட்க முடியாது என்கிறாள். இப்போது யார் கடைக்கு வேலை செய்தாலும், மனித முகம் வேண்டாம், பூவாகப் போட்டுத் தருகிறேன் என்கிறாளாம்.

போன வாரம் பள்ளி வாசலுக்குப் போனாளாம். பெரியவன் காவலாளி நீட்டிய குழாயில் ஊதிக்கொண்டிருந்தான். இரண்டு அம்மாமார் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி, காவலாளி தலையாட்டும்வரை காத்து நின்றார்கள்.

"அண்ணா, ரெண்டு வார்த்தை திட்டவாவது செய்யுங்க."

"நகரு. பின்னால எடுக்கணும், பிள்ளைங்க நிக்குது."

அவள் நகர்ந்து நின்றாள். அவன் கண்ணாடியைப் பார்த்து வேனைப் பின்னால் எடுத்தான்.