வேர்க்கிற பக்கம் ஒரு கிறிஸ்துமஸ்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களே, அம்மையீர் அவர்களே,

குன்னூரில் விருந்தினர்களுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் தொழிலிலேயே என் தலை நரைத்தது. முதலில் டாக்சி ஓட்டினேன். பின்னர், தேயிலைத் தோட்டத்தின் நடுவே அமைந்த விடுதி ஒன்றில் டூர் புரோகிராம் போட்டுக் கொடுக்கும் பணியில் அமர்ந்து, காலப்போக்கில் அதன் மேலாளரும் ஆனேன். பள்ளிப் படிப்பு எனக்கு அதிகம் இல்லை. விருந்தினர்கள் விட்டுச் சென்ற செய்தித்தாள்களைப் படித்தே எழுதப் பழகினேன். ஆதலால் நடையில் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர் பொருட்டு, நான் போட்ட புரோகிராம்களில் மிகக் கடினமான ஒன்றை இங்கே எழுதுகிறேன். அதில் பயணத் தொலைவு மிகக் குறைவு. பயணம் போனவர்கள் எங்கள் விடுதியின் பணியாளர்கள் என்பதே அதன் கடினம்.

1. எதிர் நாற்காலியில் அமர்ந்தவர்

அருளப்பன் எங்கள் விடுதியின் சமையற்காரர். அவர் மனைவி ஸ்டெல்லா, அறைகளைச் சுத்தம் செய்து பராமரிப்பவர். அந்த ஆண்டு உறைபனி விழத் தொடங்கியதும் அருளப்பனுக்கு மூச்சிரைப்பு வந்தது. பனியும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் தாங்காது, பனி விலகும் வரை கீழே வெப்பமான ஊரில் இருக்க வேண்டும், அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். அருளப்பனோ, கிறிஸ்துமஸ் விருந்தை விட்டுவிட்டு எங்கும் வர இயலாது என்று மறுத்தார்.

மறுநாள் ஸ்டெல்லா என் மேசைக்கு எதிரே, விருந்தினர் நாற்காலியில் வந்து அமர்ந்தார். அதற்கு முன் அவர் அதில் அமர்ந்து நான் பார்த்ததில்லை.

"என்னம்மா, ரூம் சாவி வேணுமா?" என்றேன்.

"சாவி வேண்டாங்கண்ணா. இன்னிக்கு நாந்தான் கஸ்டமர். ரெண்டு பேருக்குப் புரோகிராம் போடுங்க. கிறிஸ்துமசுக்கு."

"எந்தப் பக்கம்?"

"வேர்க்கிற பக்கம்."

"அருளு வர மாட்டேங்கறானே?"

"அதை நான் பாத்துக்கறேனுங்க. நீங்க எடத்தைப் பாருங்க. மெட்ராஸ்காரங்க கேட்டாச் செய்வீங்கல்ல? எனக்கும் அப்படியே செய்ங்க."

இந்தப் பயணம் நடந்தே தீர வேண்டும் என்று அக்கணமே உறுதி பூண்டேன்.

2. இரண்டு அனுமதிகள்

எங்கள் முதலாளி கோயம்புத்தூரில் வசிப்பவர். தொலைபேசியில் செய்தியைச் சொன்னதும், "ஏனுங்க, புத்தி கெட்டுப் போச்சுங்களா? எல்லா ரூமும் புல்லா இருக்குது. சீசன்ல சமையக்காரனை டூருக்கு அனுப்பற மேனேஜரை இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

"கேக் முன்னாடியே தயாராயிருமுங்க. வெலிங்டன் மெஸ்ஸுல சமைச்சு ரிட்டயர் ஆனவரு ஒருத்தரு வர ஒத்துக்கிட்டாருங்க."

"கெஸ்ட்டு குறை சொன்னா?"

"என்னையச் சொல்லட்டுங்க."

அவர் குரலைத் தணித்து, "போன தடவை வந்தப்ப அவன் இருமறது மாடி வரைக்கும் கேட்டுதுங்க. அனுப்புங்க. கம்ப்ளெயிண்ட் வந்துதுன்னா உங்களைத்தான் அடுப்புல நிறுத்துவேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இரண்டாவது அனுமதி அருளப்பனுடையது. மாற்று ஆளின் பெயரைக் கேட்டதும் அவர் சிரித்தார். "பட்டாளத்து மெஸ் கொழம்பா? கெஸ்ட்டு சாப்புட்டுப் போட்டு பரேடுதான் போவாங்க."

இறுதியில் ஒரு நிபந்தனையின் பேரில் இணங்கினார். கேக்குக்கு ஊறப்போட்டிருந்த பழங்களைத் தாமே கலப்பார். ஓவன் பக்கம் மற்றவர் நிற்பார். கலக்கும்போது ஸ்டெல்லா ஒரு மப்ளரை எடுத்துவந்து அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். "இது கேக்குக்கும் நல்லது, எங்க காதுக்கும் நல்லது" என்றார். அன்று சமையலறை வெகு அமைதியாக இருந்தது.

3. கல்லாறு

சமவெளியிலிருந்து வருவோருக்கு நாங்கள் பார்ப்பது பள்ளத்தாக்குக் காட்சி, வெந்நீர், மாலையில் கேம்ப் ஃபயர். மலைவாசிகளான இவ்விருவருக்கு அவற்றுள் எதுவும் உதவாது. காலை வெயில் கட்டிலின் மீது விழ வேண்டும். சுவரில் ஈரம் இருக்கக் கூடாது. மலையடிவாரத்தில், கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளிடையே ஒரு சிறு விடுதியை நேரில் போய்ப் பார்த்துத் தேர்ந்தேன்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் வண்டிகள் யாவும் வரிசையாக மலையேறின. இவர்களின் பேருந்து மட்டும் ஏறத்தாழ காலியாகக் கீழிறங்கிற்று. "எங்க பொறப்பட்டீங்க?" என்று கேட்ட கண்டக்டரிடம், "டூர் போறோமுங்க" என்று ஸ்டெல்லா பெருமையுடன் கூறினாராம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை, கல்லாற்று விடுதியின் மேலாளர் என்னை அழைத்தார்.

"உங்க கெஸ்ட்டு ரூம்ல இல்லீங்க."

"எங்கங்க போனாரு?"

"எங்க கிச்சன்ல வெங்காயம் அரியறாரு. எங்க மாஸ்டரு கோவிச்சுக்கிட்டு வெளிய பாக்கு மரத்தடியில உக்காந்துட்டாரு."

முந்தைய இரவு சாம்பார் அருளப்பனுக்குப் பிடிக்கவில்லை. அதைச் சரிசெய்ய உள்ளே போனவர் வெளியே வரவில்லை. விடுதித் தொழிலில் ஊறியவருக்கு மட்டுமே நேரக்கூடிய பிழை அது. அங்கே எரிந்ததோ விறகடுப்பு.

ஸ்டெல்லா போனை வாங்கினார். "இருமிக்கிட்டே பெருங்காயம் போடறாருங்கண்ணா. சண்டை போட்டும் பாத்துட்டேன். இந்தப் பொகைக்கு எங்க பனியே தேவலாமுங்க."

வேறு விடுதிக்கு மாற்றலாம் என்றால் அந்த வாரத்தில் எங்கும் அறை கிடையாது. மேலே அழைத்துக்கொண்டால் மீண்டும் உறைபனி. எதுவும் தோன்றாத நிலையில், எந்த விருந்தினரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "உனக்கு என்னம்மா வேணும்?"

"எனக்குங்களா?"

அவர் யோசித்துப் பதில் சொன்னார். "நாளைக்கு மத்தியானம் டேபிள்ல உக்காந்து திங்கோணும். யாராச்சும் பரிமாறோணும். பக்கத்துல அவரு உக்காரோணும். கண்ணாலம் ஆனதுல இருந்து ஒரு கிறிஸ்துமசுக்கும் நாங்க ஒண்ணா உக்காந்து தின்னதில்லீங்கண்ணா. கெஸ்ட்டு எந்திரிச்ச பொறவு, ஆளுக்கொரு மூலையில நின்னுக்கிட்டேதான்."

நான் ஒரு நோயாளிக்குப் புரோகிராம் போட்டிருந்தேன். என்னிடம் கேட்டு வந்தவரோ ஒரு மனைவி.

4. ஆர்டர்

எங்கள் விடுதியில் உணவுக்கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே ஒரு சிறு சன்னல் உண்டு. அதன் வழியே குரல் கொடுத்துத்தான் ஆர்டர் சொல்லுவோம். முதலாளி சொன்னாலும் அருளப்பன் எதிர்வாதம் செய்வார். அந்தச் சன்னல் வழியே வரும் ஆர்டருக்கு ஒருநாளும் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை.

கிறிஸ்துமஸ் நண்பகலில் எங்கள் கூடம் நிறைந்திருந்தது. அதனூடே கல்லாற்று மேலாளரை அழைத்து, ஸ்டெல்லாவை மேசையில் அமர வைக்கச் சொன்னேன். அவர் அமர்ந்ததும், அவ்விடுதிச் சமையலறைக்குப் போனைக் கொண்டுபோகச் செய்தேன்.

"அருளு, ஆர்டர்."

"சொல்லுங்கண்ணா." குரல் உடனே நிமிர்ந்தது.

"ரெண்டு பேர் டேபிள். தோப்புப் பக்கம். ஒருத்தங்க வந்து உக்காந்தாச்சு. புதுச் சேலை. ரெண்டாவது ஆளு இன்னும் வரல. அவரு வராம எலை போடக்கூடாதுன்னுட்டாங்க."

மறுமுனையில் இருமல் கேட்டது. "அண்ணா, குருமா அடுப்புல இருக்குதுங்க."

"அதை அந்த மாஸ்டரு பாத்துக்குவாரு. கெஸ்ட்டு காத்திருக்காங்க. எத்தனை நேரம் காக்க வெக்கப் போறே?"

கரண்டியைத் தட்டில் வைக்கும் ஓசை கேட்டது.

"நான் கெஸ்ட்டைக் காக்க வெச்சதில்லீங்கண்ணா," என்றார். "கையைக் கழுவிட்டுப் போறேன்."

பின்னர் நடந்ததை மேலாளர் சொல்லி அறிந்தேன். மாஸ்டர் கோபம் தணிந்து தாமே பரிமாறினாராம். "உப்பு சரியாங்க?" என்று அவர் கேட்க, "கொஞ்சம் தூக்கலு" என்று அருளப்பன் தொடங்க, ஸ்டெல்லா மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாராம். "நல்லா இருக்குதுங்க மாஸ்டர்" என்று சொல்லி, அருளப்பன் மறுசோறு கேட்டு வாங்கி உண்டாராம்.

அதன்பின் அவர் அடுப்படிக்குப் போகவில்லை. வேளைதோறும் ஸ்டெல்லா முன்கூட்டியே போய் மேசையில் அமர்ந்துவிடுவார். பக்கத்து நாற்காலி காலியாகக் கிடப்பதை அருளப்பனால் பார்த்துக்கொண்டிருக்க இயலவில்லை. பனி விலகி அவர்கள் மலையேறியபோது மூச்சிரைப்பு நின்றிருந்தது. புகையில்லா அடுப்பானால் வேலை செய்யலாம் என்று மருத்துவரும் ஒப்புக்கொண்டார். எங்கள் விடுதியில் மெஸ் குழம்பு காரம் என்று இரு விருந்தினர் கடிந்ததை நான் ஏற்றுக்கொண்டேன்.

நான் கற்றது இது. எந்த ஊர், எத்தனை நாள், என்ன வாடகை என்றெல்லாம் கேட்கிறோம். யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதைக் கேட்பதில்லை. அதையே முதலில் கேளுங்கள். மேலும், பிறருக்குப் பரிமாறியே பழகியவரிடம் ஓய்வெடு என்று சொல்வதால் பயனில்லை. ஒருவர் உமக்காகக் காத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். அவர் எழுந்து வருவார்.

என் இடத்தில் அமரும் ஐயாவோ அம்மையாரோ, இக்குறிப்பை எறிந்துவிடாமல், மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.