கப்பலுக்குப் போக மீதி ஒரு பிடி

இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அவரை எழுதினால் அந்தக் கப்பலையும் எழுதியாக வேண்டும். அதன்மேல் எனக்கிருக்கும் பொறாமை ஓராண்டாகியும் ஆறவில்லை.

அண்ணன் பிறந்தது கரூரில். அவருக்குப் பன்னிரண்டு, எனக்கு எட்டு வயதில் அப்பாவின் வேலையோடு ஹூஸ்டனுக்கு வந்தோம். பள்ளியில் என்னைக் கேலி செய்தவர்களை அவர்தான் பார்த்துக்கொண்டார். பிறகு அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். சேர்ந்த போர்க்கப்பலின் பெயர் சான் ஜசின்டோ. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், டெக்சாஸ் விடுதலைக்காக நடந்த போரின் பெயர் அது. "பதினெட்டே நிமிஷத்துல முடிஞ்ச சண்டைடா" என்று பெருமையாகச் சொல்வார். வேறு கப்பலுக்கு மாற்றினாலும் கேட்டு வாங்கி அதற்கே திரும்புவார்.

என் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அப்பா போனபோதும் கடலில் இருந்தார். மூத்தவர் வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். அவர் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. "அதான் கப்பலக் கட்டிக்கிட்டானே, அதுதான் என் மூத்த மருமக" என்று அம்மா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

ஓய்வுபெற்று ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எங்களோடு தங்கினார். என் மகளைத் தினமும் பள்ளியில் விட்டு வந்தார், தலையில் அந்தக் கப்பலின் தொப்பியோடு. இனி முழுதாக எங்களுடையவர் என்று நினைத்தேன். புற்றுநோய் வந்தது.

மருத்துவமனையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "ராமேஸ்வரத்துக்கு நானே கொண்டு போறேண்ணா."

"வேணாம்டா. என் கப்பல்ல இருந்தே சாம்பலக் கடல்ல விடச் சொல்லி நேவிக்கு அப்ளை பண்ணிட்டேன்."

"சரி, நானும் ஏறிக்கறேன்."

"ஃபேமிலிய விட மாட்டாங்கடா. நீ போஸ்ட் பண்ணாப் போதும்."

அப்படித்தான் நடந்தது. அண்ணனின் சாம்பலை மார்போடு அணைத்துக்கொண்டு தபால் நிலைய வரிசையில் நின்றேன். பெட்டியில் 'மனித அஸ்தி' என்று ஒட்டியிருந்ததைப் படித்த ஊழியர் எழுந்து நின்று இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். சில மாதங்களில் கேப்டனின் கடிதம் வந்தது. நாள், நேரம், கடலில் எந்த இடம், எல்லாம் இருந்தது. அந்த நேரத்தில் நான் ஃப்ரீவே நெரிசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெயர்கூடத் தெரியாத ஒரு மாலுமி என் அண்ணனைக் கடலில் விட்டிருக்கிறார். என் கை செய்ய வேண்டிய காரியம் அது.

கடைசிவரை அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், தினம் ரசம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் நன்றி. அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கும் நன்றி, அண்ணனுக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. என் மனைவிக்கே இதைப் படிக்கும்போதுதான் தெரியும். பெட்டியை ஒட்டுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து அம்மாவின் எவர்சில்வர் சம்புடத்தில் வைத்துக்கொண்டேன். அண்ணா, நீ எழுதிக் கொடுத்ததை மீறிவிட்டேன், மன்னித்துக்கொள். உன்னில் அவ்வளவையும் அந்தக் கப்பலுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

திவசத்துக்கு மறுநாள் காலை கால்வெஸ்டன் கடற்கரையில் என் கையால் அதைக் கரைக்கிறேன். எல்லோரும் வாருங்கள். அங்கே குடும்பத்துக்கு அனுமதி உண்டு.