நெஞ்சுக்குள் ஒரு இன்வெர்ட்டர்

எங்கள் சேலையூர் வீட்டில் கரண்ட் போனால் முதலில் எழுந்திருப்பவர் என் கணவர்தான். ஹாலில் ஒரு லைட், ஒரு ஃபேன் தவிர மற்ற எல்லாவற்றையும் ஓடி ஓடி அணைத்துவிடுவார். நான் சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தாலும் சரி, இருட்டுதான். "லோடு கம்மியா இருந்தாதாம்மா இன்வெர்ட்டர் பேட்டரி தாங்கும்" என்பார். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர். ரிடையர் ஆனதும் வீட்டுக்கு சூப்பர்வைசராகிவிட்டார்.

போன வருடம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதயம் பாதித் துடிப்பை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். மகன் வெளிநாட்டில். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவருடைய செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

மூன்று மாதம் கழித்து முதல் செக்கப். டெக்னீஷியன் பெண் அவர் மார்பின் மேல் ஒரு கருவியை வைத்து, லேப்டாப் மாதிரி ஒரு பெட்டியைப் பார்த்தபடி பொறுமையாக விளக்கினாள். இதயத்தைத் துடிக்க வைக்க எவ்வளவு கரண்ட் போதும் என்று அந்த பேஸ்மேக்கர் தினமும் தானே சோதித்துப் பார்க்குமாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரும். ஒரு துடிப்பு தவறியதும் அந்த நொடியே பலமாக ஒன்று கொடுத்துவிடும். பிறகு அந்த அளவுக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ளும். "இதனால பேட்டரி நிறைய வருஷம் வரும் சார். நீங்க நடந்தா அதுவே புரிஞ்சுக்கிட்டுத் துடிப்பைக் கூட்டிக்கும்" என்றாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவருக்கோ வேறு ஒன்று புரிந்திருக்கிறது, அது எனக்கு அப்போது தெரியவில்லை. இதுவும் இன்வெர்ட்டர்தான். நடந்தால் லோடு ஏறும்.

மறுநாளிலிருந்து மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இருபது வருடமாகச் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் காலனிப் பூங்காவில் நாங்கள் சேர்ந்து நடப்போம். "நீ போய்ட்டு வா, எனக்கு முட்டி வலி" என்றார். பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போவதில்லை. மாடிக்குப் போவதில்லை. தண்ணீர் குடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிட்டார். முட்டியைக் காட்டலாம் என்றால் டாக்டரிடம் வரமாட்டார். நான் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முரட்டுப் பசங்களை மேய்த்தவள். இந்த ஒரு ஆளிடம் தோற்றேன். கத்தினேன், கெஞ்சினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். கால்கள் குச்சியாகிக்கொண்டே வந்தன. ஒருநாள் எழுந்து நிற்கவே சுவரைப் பிடித்தார். பிழைத்து வந்த மனிதர் என் கண் முன்னாலேயே உட்கார்ந்து உட்கார்ந்து போய்விடுவாரோ என்று பயந்தேன்.

தெருவில் மீன் விற்க வரும் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சாரு எப்பப் பாத்தாலும் குந்திகினே கீறாரு? வெளிய தள்ளிகினு போம்மா" என்றாள். தள்ளிக்கொண்டு போகிற ஆளா இவர்?

ஆறு மாதத்தில் அடுத்த செக்கப். அதே பெண், அதே பெட்டி. திரையைப் பார்த்தவள் அவரைப் பார்த்தாள்.

"சார், பெட் ரெஸ்ட்ல இருந்தீங்களா?"

"இல்லையே. நல்லாத்தான் இருக்கேன்."

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். தினமும் எவ்வளவு நேரம் உடம்பு அசைந்தது என்று பேஸ்மேக்கர் குறித்து வைத்திருக்கிறது. முதல் மூன்று மாதம் கோடுகள் உயரமாக நின்றன. அதற்குப் பிறகு தரையோடு தரை. ஆறு மாதம் நான் தொண்டை வற்றக் கத்தியது அத்தனைக்கும் அங்கே சாட்சி இருந்தது.

"பேட்டரிய மிச்சம் பண்ணலாம்னுதான்..." என்று இழுத்தார்.

டெக்னீஷியன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சார், எவ்வளவு மிச்சம் பண்ணணுமோ அத அதுவே பண்ணிக்குது. நீங்க உட்கார்ந்திருக்கிறதால பெருசா ஒண்ணும் மிச்சமாகாது. உங்க கால்தான் வீணாப்போகும்."

வெளியே வந்ததும் வராண்டாவிலேயே பிடித்துக்கொண்டேன். "முட்டி வலின்னு பொய் வேற! அப்படி மிச்சம் பண்ணி யாருக்குங்க கொடுக்கப்போறீங்க?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேட்டரி தீந்தா திரும்ப ஆபரேஷன். திரும்ப நீ அந்த வாசல்ல தனியா உட்காரணும். அன்னிக்கு என்னை வெளிய கொண்டுவந்தப்ப உன் முகத்தைப் பார்த்தேன். அத இன்னொரு தடவ பார்க்க வேணாம்னுதான் எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ..."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அழுகை அதற்குப் பிறகு. "அந்த வாசல்ல ரெண்டு மணி நேரம் தனியா இருந்தேன். பூங்காவுல ஆறு மாசம் தனியா நடந்திருக்கேன். இது எதுல சேர்த்தி?" என்றேன். குறைப்பதோடு அந்த பேஸ்மேக்கர் நிற்பதில்லை, ஒரு துடிப்பு தவறியதும் உடனே பலமாக ஒன்று கொடுத்துவிடுகிறது. இவருக்குக் குறைக்க மட்டும்தான் தெரிந்திருக்கிறது. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் இதையே சொல்லித் திட்டிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கரண்ட் போனது. பழக்கதோஷத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து சுவிட்சிடம் கையைக் கொண்டுபோனார்.

"கைய எடுங்க" என்றேன்.

எடுத்தார். படுக்கையறை ஃபேன், ஹால் ஃபேன், எல்லா லைட்டையும் நானே போட்டேன். அவர் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தேன். யாருமில்லாத வீட்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, கதவைப் பூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனோம். ஒரே ஒரு சுற்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு. நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார்.

இருட்டிய பிறகு திரும்பி வந்தபோது கரண்ட் இன்னும் வரவில்லை, இன்வெர்ட்டரும் காலியாகி வீடே இருண்டு கிடந்தது. அவர் சுவரைத் தடவிக்கொண்டே சமையலறைக்குப் போய், எனக்கும் சேர்த்துத் தண்ணீர் எடுத்துவந்தார்.