மூன்று பேருக்கு வாங்கிய கூடாரம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பலெர்மோவிலிருந்து புறப்படுவதாகத் திட்டம். புறப்பட்டது ஒன்பதரைக்கு. மதோனியே மலைப் பூங்கா சுமார் நூறு கிலோமீட்டர். ஒரு காரில் மூன்று பேர் போக வேண்டிய பயணத்துக்கு நான்கு வாகனங்களில் பத்தொன்பது பேர் என்றால் நேரத்துக்கா கிளம்ப முடியும்?

குற்றம் என்னுடையதுதான். மகள் ஜெனிற்றா படிப்பதற்காகத் தொரினோவுக்குப் போக மூன்று வாரமே இருந்தது. அவள் கேட்டது ஒன்றுதான். "அப்பா, நீங்களும் அம்மாவும் நானும் மூண்டு பேர் மட்டும் மலையிலை ஒரு இரவு தங்குவம்."

லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பராமரிக்கும் எனக்கு இரவு விடுமுறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தது. மூன்று பேர் படுக்கும் கூடாரமும் வாங்கினேன், நாற்பத்தைந்து யூரோ. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற எங்கள் ஊர் அன்ரனிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப நாங்களும் வாறம் அண்ணை."

மன்னார்க்காரனான எனக்கு அதற்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது. பின்னேரத்துக்குள் நாலு குடும்பம் சேர்ந்துவிட்டது.

மதியம் பன்னிரண்டரை. கொல்லெசானோ ஊரைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறினோம். நகரத்தில் வெயில் கொளுத்தியது. இங்கே ஆயிரத்து அறுநூறு மீற்றர் உயரத்தில், காட்டுப் பீச் மரங்களின் கீழ், ஸ்வெற்றர் தேவைப்பட்டது. இறக்கிய பானைகளைப் பார்த்த பூங்காக் காவலர், "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஜெனிற்றா குனிந்து தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாலை ஆறு மணி.

"அப்பா, அந்த மேட்டிலை ஏறினா கடல் தெரியுமாம். வாறீங்களே?"

"ஓம் பிள்ளை, இந்தா வாறன்."

அதற்குள் செபமாலை தொடங்கிவிட்டது. மூத்தவன் என்று என்னைத்தான் முன்னால் இருத்தினார்கள். சொல்லி முடித்து எழும்பியபோது அவள் தனியாகப் போய்த் திரும்பியிருந்தாள்.

"தெரிஞ்சதே?"

"ஓம். வடிவாத் தெரிஞ்சது."

அன்ரனின் மனைவிக்கு நாரி நோவு, காருக்குள் மடங்கிப் படுக்க ஏலாது என்றதும் கூடாரத்தையும் நானே கொடுத்தேன். மகள் காரில் படுத்தாள். "பரவாயில்லை அப்பா" என்று அவள் சொன்னதை நம்பியதுபோல நடித்தேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு இறங்கினோம். சின்னப்பிள்ளைகள் தன்னைக் கேட்டு அழுதார்கள் என்று அவள் அன்ரனின் வான் வண்டியில் ஏறினாள். என் கார்ப் பின்சீற்றில் அந்த நூறு கிலோமீட்டரும் என்னோடு வந்தவை வெறும் பானைகள். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் விமான நிலையத்துக்குப் போனோம். முப்பத்தைந்து கிலோமீட்டர். ஜெனிற்றா இறங்கிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒருத்தரும் வரேல்லையே அப்பா?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை பிள்ளை."

அவள் சிரித்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மனைவி எங்கள் இருவரையும் சேர்த்து அணைத்தாள். ஜெனிற்றா உள்ளே போக இன்னும் இருபது நிமிடம் இருந்தது.