பதினோரு லாரிக்கும் ஒரே முகூர்த்தம்

“ஏனம்மிணி, இந்தப் பொட்டி ஒரு லாரியவாச்சும் கண்ணால பாத்திருக்குதா?”

எங்கள் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஸ்டோர் பார்க்கும் பொன்னுசாமி அண்ணன், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் நாளன்று கேட்டது இது. ஏ.சி. அறைக்குள் வருவதென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். அவர் கழற்ற மாட்டார். வாசற்படிக்கு வெளியே நின்றே கேட்டார். பின்னால் நான்கு ஃபிட்டர்கள் சிரித்தார்கள்.

“பாத்ததில்லீங்கண்ணா. அதுக்குத்தான் நான் இருக்கறனே” என்றேன். உண்மையில் நானும் லாரியைச் சாலையில் பார்த்ததோடு சரி.

இதை எழுத நான் ஒன்றும் ஓய்வு பெற்றவள் இல்லை. வயது இருபத்து மூன்று. புதுச்சத்திரம் பக்கம் நிலக்கடலைக் காடு எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். காலேஜ் போன முதல் ஆளும் நான். பட்டறைக்கு டைப்பிஸ்டாகத்தான் வந்தேன். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கி, “கோயமுத்தூர் போயி இதைப் படிச்சுட்டு வாரது யாரு?” என்று கேட்டபோது, மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டேன். மூன்று வாரம் படித்தேன். எனக்கு அடுத்து இந்த வேலைக்கு வரும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்த கோளாறை நீங்கள் செய்ய வேண்டாம். வேறு புதுக் கோளாறு செய்யுங்கள்.

1. “ஒண்ணும் வாங்க வேண்டாம்”

சாமான் தேவைக் கணக்குப் போட கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த பேக்கேஜின் பெயர் எம்.ஆர்.பி. எத்தனை லாரி, எந்தத் தேதிக்கு வேண்டும் என்று சொன்னால், அது அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணும். பாடி கட்டப் பன்னிரண்டு நாள். பலகை மில்லில் அறுபட்டுக் காய்ந்து வர இருபது நாள். ஆக, பலகைக்கு எப்போது ஆர்டர் போட வேண்டும் என்று ஒரு லிஸ்ட் அடித்துத் தரும். இந்த நாள் கணக்குக்கு லீட் டைம் என்று பெயர். ஒரு லாரிக்கு என்னென்ன சாமான் என்ற பட்டியலை நானே பட்டறையில் சுற்றி, குனிந்து, எண்ணி ஏற்றியிருந்தேன். கீல் எத்தனை என்று எண்ணும்போது தாவணியில் கிரீஸ் அப்பிக்கொண்டது. பெருமையாக இருந்தது.

ஆனி பிறந்த மூன்றாம் நாள், முதல் லிஸ்ட் வந்தது. பிரிண்டர் கிறீச்சிட்டு ஓய்ந்ததும் தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிப் படித்தார்.

ஆனி இருபது வரைக்கும் வாங்க வேண்டியது எதுவுமில்லை. ஆடி பிறந்ததும் ஒரே நாளில் பதினோரு லாரிக்கும் பலகை ஆர்டர். பிறகு ஒரே நாளில் பதினோரு லாரிக்கும் வேலை ஆரம்பம்.

பொன்னுசாமி அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நம்மகிட்ட இருக்கறது நாலு ஷெட்டுங்க மொதலாளி! மிச்சம் ஏழு வண்டியை இந்தப் புள்ளையோட ஏசி ரூம்புல ஏத்திக்கலாமுங்களா?”

முதலாளி சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பங்கண்ணு. லிஸ்ட் சரியா வந்துச்சுன்னா இது உன்ற ரூம்பு. வராட்டி பொட்டிக்குத் துணியப் போட்டு மூடிட்டு நீ டைப்புக்கே போயிரு” என்றார்.

கையில் நான்கு நாள் இருந்தது.

2. தேதி யாருடையது?

இரண்டு நாள் மேனுவலைப் புரட்டினேன். ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்தேன். லீட் டைம் சரி. பட்டியல் சரி. ஸ்டாக் சரி. கடைசியில் எரிச்சலில் ஆர்டர் கார்டுகளையே மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினேன்.

பதினோரு கார்டிலும் ஒரே டெலிவரி தேதி.

சுவரில் தொங்கிய தேதி காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். ஆவணி மூன்று. முகூர்த்த நாள்.

அந்தக் குளிர் அறைக்குள் தனியாக உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆடியில் எங்கள் பக்கம் யார் புது வண்டி எடுப்பார்கள்? பாடி ஆடியில் முடிந்தாலும் வண்டி பட்டறையில்தான் நிற்கும். வண்டி வாங்கும் பார்ட்டிகள் கார்டில் எழுதிக் கொடுத்தது வண்டி முடிய வேண்டிய தேதி அல்ல, மாலை போட்டு ஓட்டிப் போகிற தேதி. பட்டறையில் எல்லாருக்கும் இது தெரியும். காட்டுக்காரர் மகளான எனக்கும் தெரியும். ஆனால் முடிக்கும் தேதிக்கான டியூ டேட் என்ற கட்டத்தைக் கண்டதும், படித்த திமிரில், கார்டில் இருந்ததை அப்படியே தட்டிவிட்டேன். கம்ப்யூட்டர் பாவம், அதையே நம்பிப் பின்னோக்கி எண்ணியது. ஷெட் எத்தனை என்ற கவலையும் அந்தப் பேக்கேஜுக்குக் கிடையாது. ஆயிரம் லாரியைக் கொடுத்தாலும் ஒரே நாளில் ஆரம்பிக்கச் சொல்லும்.

முகூர்த்தத் தேதியைக் குறிப்புக் கட்டத்துக்கு மாற்றினேன். டியூ டேட்டில், ஷெட் காலியாகும் வரிசைப்படி முடிக்க வேண்டிய தேதிகளைப் போட்டேன். முதலில் நான்கு, அப்புறம் நான்கு, கடைசியில் மூன்று.

அப்படியே காலண்டர் மெனுவையும் திறந்தேன். ஞாயிறெல்லாம் லீவு என்று இருந்தது. எங்கள் பட்டறை ஞாயிற்றுக்கிழமை ஓடும், அமாவாசையன்றுதான் மூடும். ஞாயிறுகளை எடுத்துவிட்டு அமாவாசைகளை ஏற்றினேன். பேக்கேஜ் விற்ற கம்பெனியின் என்ஜினியர் பின்னால் ஒருமுறை வந்தவர், “என்னம்மா இது, முன்னபின்ன லீவு விட்டிருக்கீங்க?” என்று தலையைச் சொறிந்தார். “நிலாவைக் கேளுங்க சார்” என்றேன்.

3. வெள்ளிக்கிழமை

புது லிஸ்டில் முதல் வரி: இந்த வாரமே நான்கு லாரிக்குப் பலகை ஆர்டர் போடவும்.

பொன்னுசாமி அண்ணன் சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து முதலாளியிடம் நீட்டினார். “நாலு வண்டிப் பலகை. நேத்தே மில்லுல சொல்லிப்போட்டனுங்க. பொட்டியில்லாமயே.”

பொட்டி இன்று சொன்னதை அவர் நேற்றே முடித்துவிட்டார். முதலாளி நோட்டையும் லிஸ்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், லிஸ்டில் ஒரு வரியில் விரலை வைத்தார். “இதென்னங்கண்ணு, லேட்டுன்னு போட்டிருக்குது?”

கேபின் முன்கண்ணாடி. மெட்ராசிலிருந்து வர முப்பது நாள். ஸ்டாக் பூஜ்யம். ஆனி ஒன்றாம் தேதியே ஆர்டர் போட்டிருக்க வேண்டும். அண்ணனின் நோட்டில் அந்த வரியே இல்லை.

“கண்ணாடி நாலு கெடக்குதுங்க மொதலாளி. என்ற கையாலதானே சாக்கு சுத்தி வெச்சேன்.”

“வைகாசி வண்டிகளுக்கே நாலையும் குடுத்துட்டீங்கண்ணா. சாமான் சீட்டு இருக்குதுங்க” என்றேன். அவரே கையெழுத்துப் போட்ட சீட்டு.

அவர் நேராக ஸ்டோருக்குப் போனார். ஃபிட்டர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெல்டிங் பொறிகூட நின்றுவிட்டது. ஸ்டோரின் கடைசி மூலையிலிருந்து சாக்கை உதறும் சத்தம் வந்தது. அப்புறம் குரல்.

“அம்மிணி! மெட்ராசுக்கு ட்ரங்க் கால் போடு சாமி! வெரசா!”

ஓடினேன். செருப்பு எந்தப் பக்கம் போனதென்று இன்றைக்கும் தெரியாது.

முதல் நான்கு கண்ணாடிகள் கேபின் வேலை வரும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தன. ஆவணி மூன்று காலையில் பதினோரு லாரியும் பட்டறை முன்னால் மாலையோடு வரிசை கட்டின. ஒவ்வொரு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து முடிப்பதற்குள் நல்ல நேரம் போய்விடுமோ என்று ஓனர்கள் சண்டை பிடித்தார்கள். எலுமிச்சம்பழத்தையும் சாமான் பட்டியலில் சேர்க்கச் சொன்னார் முதலாளி. சேர்த்திருக்கிறேன். லீட் டைம் ஒரு நாள்.

நான் படித்துக்கொண்டது இதுதான். ஒரு கட்டத்தில் எண்ணைத் தட்டுவதற்கு முன், அதைச் சொன்னவர் எதை நினைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த விஷயம் என்றால் இன்னும் ஒருமுறை கேளுங்கள்.

பொன்னுசாமி அண்ணன் இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார். நேற்றும் வந்தார். பின்பக்கம் இருக்கும் முதலாளியின் டேங்கர் பட்டறையில் சாமான் சீட்டெல்லாம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். “மொதலாளி அதைக் கேக்கவே இல்லையே அம்மிணி?” என்றார். இன்னும் கேட்கவில்லைதான். முதல் டேங்கரின் சாமான் பட்டியலை வால்வு வரைக்கும் பொட்டியில் ஏற்றி முடித்துவிட்டேன்.