கீழ் நட்டை முதலில் கழற்றியவன்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நாலு பேர். நான், என் வீட்டுக்காரி, ஜீப் மெக்கானிக் அண்ணாச்சி, ஒத்தாசைக்கு வந்த என் வீட்டுக்காரியின் தம்பி. பட்டாசுக் கம்பெனி போர்மேன் நடுவில் பைக்கில் வந்தார். இறங்காமலே பேசிவிட்டுப் போனதால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. இடம் சிவகாசி ரோட்டில் அண்ணாச்சியின் பட்டறையை ஒட்டிய பொட்டல்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்போது பத்து நாளாகச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வண்டி பழைய போர் வீல் ஜீப். மூன்று கை மாறி என்னிடம் வந்தது. மீட்டர் மூன்று லட்சத்துச் சொச்சத்தில் செத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு ஓடியதென்று ஒருவருக்கும் தெரியாது. மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து பதினோரு பெண்களைக் காலையில் கம்பெனிக்கு ஏற்றிப்போய்ச் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுவேன். கடைசி இரண்டு கிலோமீட்டர் கரிசல் தடம். மழை பெய்துவிட்டால் வேன்காரர்கள் ரோட்டிலேயே நின்றுவிடுவார்கள். முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் உள்ளே போகும். அதற்காகத்தான் ட்ரிப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரியும் அதே கம்பெனிதான். மருந்து அடைக்கிற அறையில் வேலை. அந்த அறையை விட்டு அவளை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் என் யோசனையெல்லாம். மழைக்காலம் முழுக்க வண்டி ஓடினால் முடியும். ஆனால் டயருக்கும் ரிப்பேருக்கும் அவள் பேரில்தான் கம்பெனியில் முப்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கியிருந்தோம். அது அடைகிற வரைக்கும் அவள் வேலையை விட முடியாது. இங்கே எல்லாக் குடும்பத்துக்கும் அதுதான் நடைமுறை.

அண்ணாச்சி முதலிலேயே சொன்னார். "ஏலே, இது கெளட்டு வண்டி. பளைய ஆயிலை மாத்துனா சிலது நல்லாகும், சிலது கோவிச்சுக்கிடும். யோசிச்சுக்கோ."

"மாத்தாட்டா அண்ணாச்சி?"

"கோவிச்சுக்கிடாம செத்துப்போகும்."

கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றுவது அரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொரு பெட்டி இருக்கிறது, டிரான்ஸ்பர் கேஸ். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். சத்தமும் அங்கிருந்துதான். அண்ணாச்சி டீ குடிக்கப் போனார். போகும்போது, "எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கோ உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் உட்கார முடியவில்லை. அடியில் படுத்துக் கீழ் நட்டைக் கழற்றிவிட்டேன்.

ஆயில் தார் மாதிரி பேசினில் விழுந்தது. மினுமினுப்பு தெரிந்தது. என் வீட்டுக்காரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். நாள் முழுக்க அலுமினியப் பொடியில் கிடக்கிற விரல்.

"என்ன, மாவா?" என்றேன்.

"மாவு இல்லங்க. குருணையா இருக்கு."

கியர் பல் தேய்ந்தால் மாவு விழும். உடைந்தால்தான் குருணை.

டீக்கடையிலிருந்து திரும்பிய அண்ணாச்சி பேசினைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "மேல் நட்டு களருதான்னு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. ஆயிலை மேல் நட்டு வழியாகத்தான் ஊற்ற வேண்டும். அந்த ஓட்டையிலேயே ஆயில் வழியத் தொடங்கினால் அளவு சரி. அந்த நட்டு கழன்ற பிறகுதான் கீழ் நட்டில் கை வைக்க வேண்டுமாம். ஸ்பேனரைப் போட்டார், வழுக்கியது. எனக்கு முன்னால் வைத்திருந்தவன் எவனோ முனையெல்லாம் மழுங்கடித்திருந்தான். பைப் ரெஞ்சும் பிடிக்கவில்லை. டீசல் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தோம். அசையவில்லை.

"அத்தான், கேஸ் வச்சுச் சூடுகாட்டுனா களண்டுரும்லா?" என்றான் மச்சினன்.

அண்ணாச்சி வண்டியின் அடியைக் கையால் காட்டினார். பெட்டியைச் சுற்றியும் தரைத்தகட்டின் அடியிலும் சாம்பல் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. வருஷக்கணக்காகக் கம்பெனிப் பெண்களின் சேலையிலிருந்தும் காலிலிருந்தும் உதிர்ந்த மருந்துப் பொடி.

"தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்குலே," என்றார் அண்ணாச்சி.

உளியும் சுத்தியலும் எடுத்தார். என் வீட்டுக்காரி எழுந்துவிட்டாள். "இரும்ப வச்சு அடிக்காதீக அண்ணாச்சி. பொறி விளும். பித்தளை இருந்தா அடிங்க."

"அப்ப தண்ணி விட்டுக் களுவிட்டு அடிப்போமா?"

"ஐயோ, அது இன்னும் மோசம். அலுமினியப் பொடி நமுத்தாச் சூடேறும்."

பித்தளை உளி ஒன்று கிடைத்தது. நாலு அடியில் உளிதான் மழுங்கியது.

அப்போதுதான் போர்மேன் வந்தார். "என்னலே, நாளைக்கு ஆறு மணிக்கு வந்துருவேல்லா? ஆர்டர் நிக்கிது, ஆளு கொறையக் கூடாது."

"வந்துருவேங்க" என்று வாய் சொல்லிவிட்டது. என் வீட்டுக்காரி பேசினில் கிடந்த ஆயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்தப் பெட்டிக்குள் மீட்டர் வயர் போகிற சின்ன ஓட்டையைத் திறந்து, ரப்பர் குழாயைச் செருகிப் புனல் வைத்து ஊற்றினார் அண்ணாச்சி. அளவு பார்க்க வழியில்லை. "குத்துமதிப்புதான். சாமியக் கும்பிட்டுக்கோ" என்றார். ஊரில் எல்லோரையும் போல இருக்கன்குடி அம்மனைத்தான் கும்பிட்டேன். மனசுக்குள் குருணை உருண்டுகொண்டே இருந்தது.

பன்னிரண்டு நாள் ஓடியது. பதிமூன்றாம் நாள் விடியுமுன்னே நல்ல மழை. கரிசலில் இறங்கி, முன் சக்கரத்தையும் இழுவையில் சேர்க்கிற சின்ன லீவரைப் போட்டேன். கடகடவென்று ஒரு சத்தம், பிறகு சத்தமே இல்லை. முன் சக்கரம் சுற்றவில்லை. பின் சக்கரம் தோண்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"எறங்குங்கடி, இனி நம்மதான் வண்டியச் சொமக்கணும் போல," என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். கேட்டில் பதினோரு பேருக்கும் என் வீட்டுக்காரிக்கும் அரை நாள் சம்பளம் போனது. அடுத்த நாளே ட்ரிப்பை ஒரு டிராக்டர்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பெட்டியைக் கழற்றிப் பட்டறைக்குள் வைத்தார் அண்ணாச்சி. ஆயில் பாதிகூட இல்லை. பற்கள் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன. "கொறஞ்ச ஆயிலா, பளைய ஒடைசலா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "ரெண்டுந்தான். ஒன்னு மட்டும்னா தாங்கியிருக்கும்" என்றார்.

பிறகு அந்தச் சாம்பல் பொருக்கில் கொஞ்சம் சுரண்டிக் காகிதத்தில் வைத்துத் தூரத்தில் கொண்டுபோய்க் கொளுத்தினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். காகிதம் எரிந்து அணைந்தது. பொருக்கு அப்படியே கிடந்தது.

"வெறும் மண்ணுலே," என்றார்.

கேஸ் தீயைக் காட்டியதும் மேல் நட்டு இரண்டு நிமிடத்தில் கழன்றது. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்கவில்லை.

ஜீப் அண்ணாச்சியின் பொட்டலில்தான் நிற்கிறது. நான் விருதுநகரில் ஒரு மிளகாய் குடோனில் மூட்டை தூக்குகிறேன். அவள் டிராக்டரில் ஏறி அதே அறைக்குப் போய்வருகிறாள். பக்கத்து ஊரில் எங்கோ வெடித்தது என்று யாராவது பேசினால் அன்று முழுக்க என்னால் மூட்டையில் கை வைக்க முடிவதில்லை. வாரம் ஐந்நூறு அவள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். ஏழு வாரம் பிடித்திருக்கிறார்கள். பாக்கி இருபத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.