ரொட்டி வேன் வண்டியில் சேர்த்தியில்லை

ஆர்லெத் கால்மெல் முப்பத்தைந்து வருடமாக வேன் ஓட்டி வந்தாள். தான் ஓட்டுவது ஒரு மோட்டார் வண்டி என்பது அவளுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில்தான் தெரியவந்தது. அதைத் தெரிவித்தது ஒரு மரக் கேட். அந்தக் கேட்டை அங்கே வைக்கச் சொல்லிக் கை தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி.

எங்கள் ஊரான ரோக்வெர், அவெரோன் ஆற்றுக்கு மேலே ஒரு பாறையில் தொற்றிக்கொண்டிருக்கிறது. எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஆங்கிலேயர்கள் உள்ளே வராமலிருக்க எங்கள் முன்னோர் ஒரு கோட்டைவாசல் கட்டினார்கள். இப்போது கோடைக்குக் கோடை ஆங்கிலேயர்கள் அதன் வழியாகத்தான் சைக்கிளில் கும்பலாக வருகிறார்கள். வாசல் இன்று மறிப்பது ஆர்லெத் வேனின் பக்கக் கண்ணாடிகளை மட்டும்தான், மடக்கினால்தான் போகலாம்.

வாசலுக்குக் கீழே பழைய ரயில் தடம். பதினொரு கிலோமீட்டர், ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்குத்துப் பாறை, நடுவில் இரண்டு குகைப்பாதைகள், ஐந்து குக்கிராமங்கள், மொத்தம் பதினான்கு வீடுகள். தண்டவாளத்தைப் பெயர்த்தவர்கள் சரளையை அள்ளச் செலவாகும் என்று விட்டுவிட்டார்கள். அதன்மேல் தார் போடச் சொல்லி முப்பது வருடம் மனு எழுதினோம். பிறகு, சரளையில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயர் வைத்த சைக்கிளைப் பழைய கார் விலைக்கு வாங்கிக்கொண்டு, நல்ல தார்ச்சாலை உள்ள ஊர்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மனு எழுதுவதை நிறுத்திவிட்டு, இந்தச் சரளை எங்கள் பாரம்பரியம் என்று பலகை வைத்தோம்.

ஆர்லெத்தின் கணவன் மொரீஸ் ரொட்டி சுடுகிறவன். அவன் எழும்போது அவள் படுப்பாள். அவள் எழும்போது அவன் படுப்பான். கடை விடுமுறையான திங்கட்கிழமை மட்டும் இருவரும் விழித்திருந்து சண்டை போடுவார்கள். ஊரிலேயே ஒற்றுமையான தம்பதி அவர்கள்தான். காலை ஏழரைக்கு அவள் ரொட்டியோடு அந்தத் தடத்தில் வேனை எடுப்பாள். ஒவ்வொரு குக்கிராமத்திலும் மூன்று தரம் ஹார்ன். பள்ளத்தாக்கு அந்தச் சத்தத்தை அடுத்த ஊருக்கு எடுத்துப் போகும். கடைசி ஊரில் இருக்கும் எண்பத்தொரு வயது லாகோம்ப், மூன்றாவது ஊரின் ஹார்னுக்குக் காப்பியை அடுப்பில் வைப்பார். நான்காவதற்குக் கால்சட்டை மாட்டுவார். ஒருநாள் அவள் நான்காவது ஊரில் ஹார்ன் அடிக்க மறந்துவிட்டாள். அன்று பார்த்ததை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கேட் வந்த கதை இது. கேட் போட்டு மறித்தால், மோட்டார் வண்டியே போகாத சைக்கிள் தடம் என்று மாவட்டத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். கிடைத்தால் வரைபடத்தில் ஊர் பெயர் வரும், காப்பிக்கடை மூடாது. நானும் ஆர்லெத்தும் உறுப்பினராக இருந்த ஊர்ச் சபையில் மேயர் பொன்ஃபூ படிவத்தைப் படித்தார்.

"தினமும் போற மோட்டார் வண்டிங்க எத்தனை?"

"வேட்டைக்காரனுங்க ஜீப்பு?" என்று கேட்டேன்.

"அதை ஒழிக்கத்தானேய்யா இந்தக் கூத்தே" என்றாள் ஆர்லெத். "ஞாயித்துக்கிழமை ஆனா நாயும் ஜீப்புமா வந்து ஒதுங்கக்கூட எடம் விடமாட்டானுங்க."

"தபால் வண்டி?" என்றார் மேயர்.

"அது மேட்டுச் சாலையில வந்து ஊருக்கு ஊரு எறங்கிப் போவுது. தடத்துல வராது" என்றேன்.

"அப்ப வேற?"

ஒன்பது பேரும் யோசித்தோம். மனசாட்சியோடுதான் யோசித்தோம். "ஒண்ணும் இல்ல, எழுதுங்க மேயரே" என்றாள் ஆர்லெத். ஒன்பது கைகள் உயர்ந்தன. அந்த ஒன்பது பேரும் அன்று காலை அவள் ரொட்டியைத் தின்றவர்கள்தான்.

மே மாதம் தடத்தின் தொடக்கத்தில் பூட்டோடு கேட் வந்தது. ஆர்லெத் அதன் முன்னால் வேனை நிறுத்தி மூன்று தரம் ஹார்ன் அடித்தாள். கேட் திறக்கவில்லை. நேராக மேயர் வீட்டுக்குப் போனாள்.

"என்ன மேயரே, எனக்குக் கேட் போட்டிருக்கீங்க?"

"உனக்கில்லம்மா, மோட்டார் வண்டிக்கு."

"என்னுது மோட்டார் வண்டியா?"

மேயர் சன்னல் வழியாக வேனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஆர்லெத்... நாலு சக்கரம் இருக்கும்மா" என்றார், துக்கம் சொல்கிறவர் குரலில். "சபையில இது உனக்கே தோணலையா?"

"எனக்கு ஏன் தோணணும்? நான் ரொட்டியில்ல கொண்டுபோறேன்!"

விலக்கு கேட்டு எழுதலாம் என்றார். எழுதினால் 'ஒன்றும் இல்லை' என்று முன்பு எழுதியது பொய்யாகிவிடும், சான்றிதழ் போய்விடும். இப்போதைக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான். பரிசோதகர் ஒருவர் சொல்லாமல் வந்து பார்த்த பிறகே முழுசாகும். ஆர்லெத் மறுத்துவிட்டாள். "கை தூக்கினது தூக்கினதுதான்."

மேட்டுச் சாலையில் ஏறி இறங்கி ஐந்து ஊரையும் சுற்றினால் அறுபது கிலோமீட்டர். ஒரு வாரம் சுற்றிப் பார்த்தாள். மதியத்தில் விறைத்துப்போய் வந்த ரொட்டியை லாகோம்ப் மேசை விளிம்பில் தட்டி, "கதவுக்குத் தாழ்ப்பாள் வேணும்னு நான் கேக்கலையே" என்றார். இரண்டாவது வாரம் நான்கு வீடுகளில் சூப்பர்மார்க்கெட்டின் பாக்கெட் ரொட்டி நுழைந்தது. பதினான்கு வீடும் போனால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான் என்று மொரீஸ் சொன்னான். திங்கட்கிழமை அல்லாத ஒரு நாளில், தூங்க வேண்டிய நேரத்தில் விழித்திருந்து சொன்னான். அதனால் அது உண்மை என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் கேட்டின் பக்கத்தில் வேனை நிறுத்திக் காத்திருந்தாள். சைக்கிள்காரர்களைப் பற்றி அவளுக்கு அதுவரை ஒரே கருத்துதான்: வேலையில்லாத தொடைகள். முதல் தொடை வந்தது.

"தம்பி, நில்லு. எந்தப் பக்கம்?"

"கடைசி வரைக்கும் போறேம்மா."

"திரும்பு." அவன் முதுகுப்பையில் நான்கு நீள ரொட்டிகளைச் செருகினாள். "ரெண்டாவது குகை தாண்டினா நீலக் கதவு. கெழவர் திட்டுவாரு. கண்டுக்காத."

கோடை முழுக்க அப்படியே ஓடியது. டச்சுக்காரர்கள், பெல்ஜியக்காரர்கள், லியோனிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர், எல்லோரும் சுமந்தார்கள். காசு கொடுத்து ஓய்வெடுக்க வந்தவர்கள் காசு வாங்காமல் வேலை செய்ததில் அவர்களுக்குத்தான் பெருமை. பாக்கெட் ரொட்டி வாங்கிய நான்கு வீடுகளும் திரும்பி வந்தன. ஒரே ஒரு குறை. சூடான ரொட்டி கையில் கிடைத்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் அதன் நுனியைக் கிள்ளித் தின்னாத மனிதன் இந்த நாட்டில் பிறக்கவில்லை. வெளிநாட்டவர்களும் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். கோட்டைவாசலுக்குக் கீழே மேயரும் நானும் தினமும் பேசிக்கொண்டிருக்கும்போது மேயருக்கு லாகோம்ப்பின் தொலைபேசி வந்தது: "என் ரொட்டிக்கு இன்னிக்கும் மூக்கு இல்ல!"

நவம்பரில் மழை பிடித்தது. தொடைகள் குறைந்து, பிறகு இல்லாமலே போயின. ஆர்லெத் மழைக்கோட்டோடு கேட்டருகே நின்றாள். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. அன்று அறுபது கிலோமீட்டர் சுற்றினாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், கண்ணாடி போட்ட ஒரு ஒல்லி மனிதர் சேறு தெறிக்க வந்து சேர்ந்தார்.

"தம்பி, எத்தனை தூக்குவீங்க?"

"எதை?"

பதினான்கையும் கட்டிவிட்டாள். முதுகில் ஆறு, பின்சட்டத்தில் ஐந்து, மழைச்சட்டைக்குள் மூன்று. "ஒவ்வொரு ஊர்லயும் மூணு தரம் மணி அடிங்க. நாலாவது ஊர்ல மறந்துடாதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் பரிசோதகர் திபோ என்பது சாயந்திரம்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய தடத்தை நான்கு மணி நேரத்தில் முடித்திருந்தார். ஐந்து ஊரிலும் தாமதத்துக்குத் திட்டு வாங்கியிருந்தார். அவருடைய சைக்கிள் மணி ஆற்றுச் சத்தத்தைத் தாண்டிப் போகவில்லை. ஆகவே லாகோம்ப்பை எந்த நிலையில் பார்த்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. காப்பிக்கடையில் நனைந்தபடி உட்கார்ந்து, "ஏழரை மணிக்கு ரொட்டி முன்னாடி எப்படிப் போயிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார்.

ஆர்லெத்தான் எழுந்தாள். "என் வேன்ல. முப்பத்தஞ்சு வருஷமா. அது வண்டின்னு எனக்குத் தெரியாம 'ஒண்ணும் இல்ல'ன்னு கை தூக்கிட்டேன். தப்பு என்னுது. சான்றிதழைப் புடுங்கறதா இருந்தா என்னைத் திட்டிட்டுப் புடுங்குங்க."

சுமந்ததற்குக் கூலியாக அவள் கொடுத்து மேசைமேல் இருந்த ரொட்டியைத் திபோ பார்த்தார். அதற்கும் மூக்கு இல்லை. பேனாவை எடுத்து எழுதி, படிவத்தை மேயரிடம் நீட்டினார். மேயர் உரக்கப் படித்தார்: "மோட்டார் வண்டிகள்: இல்லை. காலை ஏழரை முதல் ஒன்பது வரை: ரொட்டி."

"அவ்வளவுதானா?" என்றார் மேயர்.

"வேற என்ன போகுது?" என்றார் திபோ.

கேட் சாவி ஆர்லெத்திடம் வந்தது. மறுநாள் பள்ளத்தாக்கில் பழைய ஹார்ன் கேட்டது. லாகோம்ப் கால்சட்டையோடு வாசலில் நின்றார். ரொட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா ஆர்லெத், வேன்லயே வந்தும் மூக்கு எங்க?"

வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு அவள் வேனைக் கிளப்பினாள். "பெரியவரே, ஆறு மாசமா அவனுங்க தின்னாங்க. நான் முப்பத்தஞ்சு வருஷமாப் பொறுத்திருக்கேன்."